பைலட் டிகிரிக்குப் பணம் கட்டுவதற்கு முன்

பங்குனி உத்திரத்தன்று யீஷூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் அன்னதானப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஓர் அக்கா. எங்கள் பழைய புளோக்கில் நான்காவது மாடியில் இருந்தவர். அவர் கணவரும் என் அப்பாவும் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். சாம்பார் ஊற்றி முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"எங்க பையன் நேஷனல் சர்வீஸ் முடிச்சிட்டான்மா. வெளிநாட்டுல மூணு வருஷம் பைலட் டிகிரி இருக்காம். முடிச்சிட்டு வந்தா நேரா ஏர்லைன்ஸ்ல எடுத்துக்குவாங்களாம். அஞ்சறை வீட்ட வித்துட்டு மூவறைக்குப் போயிடலாமான்னு அவர் யோசிக்கிறார். நீ பைலட்டா இருக்க. நீ சொன்னா சரி."

பந்தியில் வைத்துச் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. "அவசரப்பட்டு எதுவும் கட்டிடாதீங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. தீபாவளிக்கு வீட்டுக்கு வருபவர்கள், தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது பார்ப்பவர்கள், அம்மாவின் தோழிகள் என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது கேட்கிறார்கள். ஐந்தறை வீடு என்பது அந்த அக்கா குடும்பத்தின் முப்பது வருஷ உழைப்பு. அதனால் இந்தத் தடவை பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டம் வேறு, உரிமம் வேறு. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. விமானம் ஓட்டும் உரிமத்தை, இங்கே என்றால், சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தருகிறது. சம்பளத்துக்கு ஓட்டுவதற்கு வர்த்தக விமானி உரிமம் வேண்டும். அனைத்துலக விதிப்படி அதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சி என்றால் 150 மணி நேரம் போதும். பெரிய விமானத்தில் கேப்டன் இருக்கையில் உட்காரத் தேவையான உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும். இவை தவிர எழுத்துத் தேர்வுகள், பறந்து காட்டும் தேர்வு, முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். இந்தப் பட்டியலில் இளங்கலைப் பட்டம் எங்கேயும் இல்லை.

நிறுவனங்கள் தங்கள் செலவில் பயிற்சி கொடுத்து எடுக்கும் கேடட் திட்டத்தில்தான் நான் சேர்ந்தேன். பதிலுக்குப் பல வருஷம் அவர்களிடம் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட வேண்டும். என் வகுப்பில் பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு வந்தவர்கள் இருந்தார்கள். கணக்கியல் படித்த ஒரு பெண் இருந்தார். நான் நன்யாங் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டுப் போனவள். பைலட் டிகிரி வைத்திருந்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை. வானிலைப் பாடத்தில் எப்போதும் முதல் மதிப்பெண் அந்தக் கணக்கியல் பெண்ணுக்குத்தான். நமக்கெல்லாம் தெரிந்த சுமத்ரா காற்று, விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரிசையாக வந்து அடுக்குமாடி வீடுகளின் ஜன்னலை அறைந்து சாத்துமே, அது ஏன் பெரும்பாலும் விடிவதற்கு முன்பும் காலையிலும் வருகிறது, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது ஓடுபாதையில் என்ன செய்யும் என்று அவர் கரும்பலகையில் படம் போட்டு எங்களுக்கு விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

"கணக்கில் பெரிய ஆள் ஆனால்தான் பைலட் ஆகலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் தினமும் போடும் கணக்கைச் சொல்கிறேன். சென்னைக்குப் போகிறோம், 36,000 அடியில் இருக்கிறோம். எங்கே இறங்கத் தொடங்குவது? ஆயிரத்தை விட்டுவிட்டு 36ஐ மூன்றால் பெருக்கு, 108 கடல் மைல். அதாவது கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் முன்னாலேயே, வங்காள விரிகுடாவுக்கு மேலே இருக்கும்போதே இறக்கம் தொடங்கிவிடும். இன்னொன்று: 60 கடல் மைல் போனபின் பாதையிலிருந்து ஒரு மைல் விலகியிருந்தால், நீ ஒரு டிகிரி தவறான திசையில் வந்திருக்கிறாய். இரண்டும் உயர்நிலை இரண்டில் படிக்கும் கணக்குதான். கணினி எல்லாவற்றையும் போட்டுக் கொடுக்கும், ஆனாலும் மனசுக்குள் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கடினம் கணக்கில் இல்லை. இடி மேகத்துக்குப் பக்கத்தில், வானொலியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, தூக்கம் கெட்ட அதிகாலை நாலு மணிக்கு அந்தப் பெருக்கலைத் தப்பில்லாமல் போடுவதில்தான் இருக்கிறது.

அப்படியானால் இந்த பைலட் டிகிரிக்கு இவ்வளவு மவுசு எங்கிருந்து வந்தது? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து, விமானம் மிதக்கும் திறனை இழக்கப்போகிறது என்று கட்டுப்பாட்டுக் கோல் அதிர்ந்து எச்சரித்தபோது, கேப்டன் அதை முன்னால் தள்ளாமல் பின்னால் இழுத்தார். இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடியதில் 2010இல் சட்டம் வந்தது. 2013இலிருந்து அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே 1,500 மணி நேரம் வேண்டும் என்று ஆனது. அந்தச் சட்டத்தில் ஒரு சலுகையும் உண்டு: அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானத்துறை இளங்கலை முடித்தால் 1,000 மணி நேரம் போதும். இரண்டு வருஷப் பட்டம் என்றால் 1,250.

அந்த ஊர்ப் பிள்ளைக்கு 500 மணி நேரம் மிச்சமாவது பெரிய லாபம். ஒரு வருஷம் முன்னாலேயே வேலைக்குப் போய்விடுவான். அங்கே அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே வேலை செய்யும் உரிமை இல்லாத யீஷூன் பிள்ளைக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? மீதி மணி நேரத்தைச் சேர்க்க அமெரிக்கப் பிள்ளைகள் பயிற்றுநராக வேலை பார்ப்பார்கள். நம் பிள்ளையின் மாணவர் விசா படிப்பு முடிந்தபின் அதற்குக் கொஞ்ச காலம்தான் இடம் கொடுக்கும். திரும்பி வந்தால் அங்கே வாங்கிய உரிமத்தை இங்கத்திய உரிமமாக மாற்ற மறுபடி தேர்வு எழுத வேண்டும். வேறொரு நாட்டின் சட்டத்தால் மதிப்புக் கூடிய பட்டத்தை நம் ஊர்த் தாய்தகப்பன் வீட்டை விற்று வாங்குவதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோல்கன் விமானத்தில் இருந்த இரண்டு விமானிகளுமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். அதே வருஷம் ஜனவரியில் இரண்டு எஞ்சினும் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பர்கர் கல்லூரியில் படித்தது உளவியல். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்க்கச் சொல்லித்தான் என்னிடம் கேட்கும் பிள்ளைகளிடம் சொல்வேன்.

என் பெரியம்மா மகன் கதையை அவன் அனுமதியோடு சொல்கிறேன். அவனும் இப்படித்தான் வெளிநாட்டில் மூன்று வருஷ பைலட் டிகிரிக்குப் போனான். எந்த நாடு, எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். நூறாயிரம் வெள்ளிக்கு மேல், பெரும்பகுதி முன்பணமாகவே கட்டினார்கள். வகுப்பறைப் பாடமெல்லாம் ஒழுங்காக நடந்தது. பறக்கத்தான் விமானம் இல்லை. முதல் வருஷக் கடைசியில் பயிற்றுநர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்த விமானங்களில் பாதி பழுதாகி நின்றன. மற்றவற்றுக்கு வாரக்கணக்கில் வரிசை. மூன்று வருஷ முடிவில் அவன் கையில் பட்டம் இருந்தது, பறந்த நேரம் 70 மணிதான். பல்கலைக்கழகத்தைக் கேட்டால் பறக்கும் பயிற்சி வேறு நிறுவனத்தின் பொறுப்பு என்றது. அந்த நிறுவனம் மேலும் பணம் கேட்டது. பெரியம்மா தாலிக்கொடி தவிர எல்லாவற்றையும் அடகு வைத்து முடித்திருந்தார். அவன் திரும்பி வந்தான்.

இப்போது சாங்கி விமான நிலையத்தில் விமானத்தின் எடையையும் சரக்குச் சமநிலையையும் கணக்கிடும் வேலையில் இருக்கிறான். நல்ல வேலை, அதில் அவன் கெட்டிக்காரன். சில நாள் அவன் தயாரித்த லோட் ஷீட் என் காக்பிட்டுக்கு வரும். அதில் அவன் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 70 மணி நேரம் எனக்கு நினைவு வரும். சின்ன வயதில் செலிட்டார் விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று விமானம் இறங்குவதைப் பார்க்க என்னை முதன்முதலில் கூட்டிப்போனதே அவன்தான்.

இவ்வளவு சொல்வதால் பட்டமே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் அம்மா ஒரே பிடிவாதம் பிடித்தார். "மொதல்ல ஒரு டிகிரி வாங்கு. அப்புறம் எங்க வேணா பற." அப்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தொடக்கக் கல்லூரியில் படிக்கும்போதே சிங்கப்பூர் யூத் ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து செலிட்டாரில் பறக்கத் தொடங்கியிருந்தேன், எதற்கு நாலு வருஷம் வீண் என்று இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்தேன்.

அம்மா சொன்னதன் அருமை 2020இல் தெரிந்தது. மே மாதம் சாங்கி இரண்டாம் முனையத்தை மூடினார்கள், அதே மாதத்தில் நான்காவதையும். விமானங்களை ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், அந்த வறண்ட காற்றில் துருப்பிடிக்காது என்று. 90 நாளுக்குள் மூன்று தடவை ஏற்றி இறக்கவில்லை என்றால் பயணிகளோடு பறக்கும் தகுதியே போய்விடும். அதைக் காப்பாற்றிக்கொள்ள சிமுலேட்டரில் நேரம் கேட்டுக் காத்திருந்தோம். சம்பளம் குறைந்தது. அந்த ஒன்றரை வருஷம் என் வீட்டுத் தவணையைக் கட்டியது நன்யாங் பட்டம்தான். உயர்நிலைப் பிள்ளைகளுக்கு இயற்பியலும் கூடுதல் கணிதமும் ஜூமில் சொல்லிக் கொடுத்தேன். கணக்கியல் தோழி ஒரு தணிக்கை நிறுவனத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தார். விமானம் ஓட்டுவது மட்டுமே கற்றிருந்த நண்பர்கள் பட்டபாட்டை நான் கண்ணால் பார்த்தேன்.

கொள்ளைநோய்தான் வர வேண்டும் என்றில்லை. மருத்துவச் சான்றிதழை ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். இதயத் துடிப்பில் ஒரு சின்னக் கோளாறு, ஒரு தடவை வலிப்பு, அவ்வளவுதான், நாளையிலிருந்து ஓட்ட முடியாது. அப்படி நின்றுபோன கேப்டன் ஒருவரோடு நான் பறந்திருக்கிறேன். அவருக்கு அப்போது 44 வயது, சின்னச் சின்னதாக இரண்டு பிள்ளைகள்.

அதனால்தான் சொல்கிறேன், பட்டம் படிக்கட்டும், ஆனால் விமானம் ஓட்ட முடியாத நாளில் சோறு போடும் பட்டமாக இருக்கட்டும். பொறியியல், கணக்கியல், கணினி, தாதிமை, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. விமானம் சார்ந்துதான் வேண்டும் என்றால் நன்யாங்கில் 2005இலிருந்து விமான, விண்வெளிப் பொறியியல் இருக்கிறது, பாலிடெக்னிக்குகளிலும் விமானப் பொறியியல் டிப்ளோமா இருக்கிறது. இவற்றுக்கு அரசாங்க மானியம் உண்டு, சிபிஎஃப் எனும் மத்திய சேமநிதிப் பணத்தைக்கூட எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு விமானக் கல்லூரிக்கு அதை எடுக்க முடியாது. பறக்கும் பயிற்சியைக் கேடட் திட்டத்தில் தேடுங்கள். ஒரு தடவையில் கிடைக்காது. எனக்கே இரண்டாவது முறைதான் கிடைத்தது.

ஏஜென்டுகள் நடத்தும் கண்காட்சிகளில் கேப்டனுக்குரிய நாலு கோடு போட்ட தோள்பட்டையோடு ஒருவரை நிற்க வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து மயங்குவது இயல்பு, நானும் அந்த வயதில் மயங்கியவள்தான். தாய்தகப்பன் அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: போன வருஷம் சேர்ந்த மாணவர்கள் இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார்கள்? எழுத்தில் கேளுங்கள். விமானங்களின் எண்ணிக்கையையும் பயிற்றுநர்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால், ஒரு காசு கட்டுவதற்கு முன்னால், முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. கண் நிறப் பார்வை, காது, இதயம், எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பறப்பவர்கள் ஏராளம். ஆனால் சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாத பிள்ளை அதை முதல் வருஷக் கட்டணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

போன வாரம் அந்த அக்காவுக்கு ஃபோன் செய்து இதையெல்லாம் ஒரு மணி நேரம் பேசினேன். அவர் மகனும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தான். பாதியில், "அக்கா, அப்ப நான் பறக்க மாட்டேனா?" என்று கேட்டான். குரல் உடைந்திருந்தது. எனக்கு 18 வயதில் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. "பறப்படா, அம்மா வீட்ட விக்காம பறப்ப" என்றேன்.

நேற்று இரவு அவனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. மருத்துவப் பரிசோதனைக்கு வியாழக்கிழமை காலை நேரம் கிடைத்திருக்கிறதாம். வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்று கேட்டிருந்தான்.