பேருந்தில் ஏறிய கதையை விட்டுவிட்டீர்களே

1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் பீஜிங் போனதுதான் அமெரிக்க-சீன நட்புக்குத் தொடக்கம் என்கிறது உங்கள் கட்டுரை. அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானின் நகோயாவில் நடந்தது என்னாயிற்று? உலக டேபிள் டென்னிஸ் போட்டிக்கு வந்த அமெரிக்க வீரர் கிளென் கோவன் சீன அணியின் பேருந்தில் ஏறிவிட்டார். யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து எழுந்து வந்த சீன வீரர் சுவாங் ட்சதுங்தான், ஹுவாங்ஷான் மலை தீட்டிய பட்டுத்துணியை அவர் கையில் கொடுத்தார். சில நாட்களிலேயே அமெரிக்க அணிக்குச் சீன அழைப்பு!

1972 ஏப்ரலில் சீன அணி பதிலுக்கு டெட்ராய்டில் வந்து இறங்கியது. அந்தப் பயண ஏற்பாட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது 1966-ல் தொடங்கிய ஒரு தொண்டு அமைப்பு: அமெரிக்க-சீன உறவுகளுக்கான தேசியக் குழு. நியூயார்க்கில் இன்றும் இயங்குகிறது. அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம், சார்.