ஸ்பானிஷ் வகுப்பை நடு ஆண்டில் நிறுத்தியது பெரும் தவறு

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் பலரும் அறிந்திருப்பீர்கள் என்பதால் அதை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. நாகர்கோவிலை அடுத்த அந்த ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஜூன் மாதம் விருப்பப் பாடமாகத் தொடங்கப்பட்ட ஸ்பானிஷ் வகுப்பு, அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு நடைபெறாது என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டார்கள். காரணம் கேட்ட ஒரு தாய்க்கு, "அது தற்காலிகமா வச்ச டீச்சர்தானே, அதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகு இதை எழுதாமல் இருக்க என்னால் இயலவில்லை.

ஓர் ஆசிரியரைத் தற்காலிகமாக நியமிப்பதும், நிதி இல்லையென்றால் அடுத்த ஆண்டு வேண்டாம் என்பதும் நிர்வாகத்தின் உரிமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறுவர்களுக்கு ஒரு மொழியைத் தொடங்கிவைத்துவிட்டு நடு ஆண்டில் கைவிடும் உரிமை எவருக்கும் கிடையாது. ஏப்ரல் வரை அந்த வகுப்பை நடத்தியிருக்க வேண்டும்.

அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகனின் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ்' என்றும் மறுபக்கம் 'பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம்' என்றும் எழுதியிருக்கிறான். வினையின் ஈற்றிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் 'நான்', 'நீ' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை என்பதும், மூத்தவரிடமும் அறிமுகமில்லாதவரிடமும் 'தூ' என்பதை விட்டு 'உஸ்தெத்' என்று மரியாதையாகப் பேச வேண்டும் என்பதும் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே நாளில் விளங்கிவிடுகின்றன; ஆங்கிலத்தின் வழியாகப் போனால் இதையே வாரக்கணக்கில் விளக்க வேண்டும். அந்த ஆசிரியை தமிழின் வழியாகத்தான் கற்பித்தார். 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் நாய். ரகரத்தையும் றகரத்தையும் இன்றும் பேச்சில் பிரித்து ஒலிக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு நாவிலேயே இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே அவர் சொல்லியிருக்கிறார். தன் ஊர்ப் பேச்சைப் பிறர் கேலி செய்து மட்டுமே கேட்டிருந்த சிறுவன், அது தனக்கு உதவுகிறது என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

"தமிழையே ஒழுங்காக எழுதத் தெரியாதவனுக்கு ஸ்பானிஷ் எதற்கு?" என்று கேட்பவர்களின் கவலை எனக்கும் உண்டு. மொழிக்காகப் போராடி 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் மேலே சொன்ன குறிப்பேட்டைப் பாருங்கள். தமிழ் வினைகளுக்குத் திணை, பால், எண், இடம் பார்த்து எழுதவும் அந்த வகுப்புதான் அவனைப் பழக்கியது. இது மூன்றாவது மொழியைப் பின்வாசல் வழியாகத் திணிப்பது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 1968 முதல் இருக்கும் இருமொழிக் கொள்கையை நானும் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். விரும்பியவர் மட்டும் பள்ளி முடிந்த பிறகு அமர்கிற, தேர்வோ மதிப்பெண்ணோ இல்லாத ஒரு வகுப்பைத் திணிப்பு என்று அழைப்பது நியாயமில்லை. வேலை கிடைக்குமா என்கிறவர்களுக்கு: ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி, ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று, கப்பல் வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் பனாமாவிலும் பெருவிலும் அது எப்படிப் பயன்பட்டது என்று சொல்வார்கள். எங்கிருந்தோ வந்த மொழி என்கிறார்கள். இன்றைய ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் 1506இல் பிறந்து, தமிழில் மொழிபெயர்க்கச் செய்த செபங்களை மனப்பாடம் செய்துகொண்டு இந்தக் கடற்கரைக்கு வந்த சவேரியாரின் திருவிழாவுக்காக ஆண்டுதோறும் டிசம்பரில் விடுமுறை விடுகிற ஊர் இது.

"பயலுவளுக்கு மொழியெல்லாம் ஏறாதுக்கா, கணக்கும் கம்ப்யூட்டரும் போதும்" என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொன்னவருக்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்ல விரும்பவும் இல்லை. இரண்டு பருவம் தாமாகவே வந்து அமர்ந்த பிள்ளைகளைப் பற்றி இப்படிப் பேசக் கூடாது.

என்னைப் புண்படுத்தியது வேறொன்று. நானும் ஒரு காலத்தில் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியில் ஊதியம் பெற்ற தமிழாசிரியையாக இருந்தவள். வருகைப் பதிவேட்டின் கடைசித் தாளில் என் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. மற்றவர்கள் பெயர் மையில் இருந்தது. நிரந்தர ஆசிரியை மாறுதலில் வந்த நாளன்று, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் திருக்குறள் அதிகாரம் ஒன்றைப் பாதி நடத்தியிருந்த என்னை அலுவலகத்துக்கு அழைத்து, நாளை வர வேண்டாம் என்றார்கள். வகுப்புக்குத் திரும்பிச் சென்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். அதற்கும் அனுமதி இல்லை. அந்தப் பிள்ளைகள் நான் சொல்லாமல் போய்விட்டதாகத்தான் நினைத்திருப்பார்கள். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

இது ஒரு பள்ளியின் பழக்கம் மட்டுமன்று. 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்ற பாடங்களுக்காக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். பணி நிரந்தரம் கேட்டும் மே மாத ஊதியம் கேட்டும் அவர்கள் எத்தனை போராட்டங்கள் நடத்தினார்கள் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2022இல் 13,331 ஆசிரியர் காலியிடங்களையும் 7,500 முதல் 12,000 ரூபாய் வரையிலான தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக நிரப்பத்தான் உத்தரவு வந்தது. தற்காலிகம் என்று சொல்லி ஊதியத்தைக் குறைக்கிறார்கள், மரியாதையைக் குறைக்கிறார்கள். இப்போது இந்த ஸ்பானிஷ் ஆசிரியை நடத்திய பாடத்தையும் சேர்த்தே தூக்கி எறிகிறார்கள். பணம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் பெற்றோர் நாங்கள் பகிர்ந்து கொடுத்திருப்போம். எங்களை யாரும் கேட்கவே இல்லை.

நிர்வாகத்தின் மீது பகை வளர்ப்பதாகச் சிலர் சொல்வார்கள். என் மகன் அங்கேதான் படிக்கிறான், தொடர்ந்து படிக்கவும் போகிறான். பகை எனக்கு எதற்கு? தொடங்கிய வகுப்பை ஏப்ரல் வரை, அதே ஆசிரியையைக் கொண்டே நடத்துங்கள் என்பதும், அடுத்த ஆண்டு வேண்டாமென்றால் அதை மே மாதமே பிள்ளைகளிடமும் அவரிடமும் நேரில் சொல்லுங்கள் என்பதும்தான் என் கோரிக்கை. இதையே மனுவாக எழுதித் தலைமையாசிரியரிடமும் பள்ளிச் செயலரிடமும் திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். வகுப்பில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்திட விரும்பினால் ஞாயிறு மாலைக்குள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வீட்டுக்கு வந்தே வாங்கிக்கொள்கிறேன்.