இரவு 11.20, கொல்லைப்புறம்

(விளக்கு வைக்கும் நேரம். பாக்கியம் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருக்கிறார். முத்துவேல் வருகிறார். கழுத்தில் விசிலும் பைனாகுலரும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு தொங்குகின்றன. கக்கத்தில் 192 பக்க நோட்டு. திருடனைப் பிடிக்கக் கிளம்பியவர் முதலில் அந்தச் சிக்கலைப் பிரித்திருக்கலாம்.)

முத்துவேல்: அக்கா, நம் ஊருக்குக் கண்காணிப்புக் குழு ஆரம்பித்துவிட்டேன்.

பாக்கியம்: நல்ல காரியம் தம்பி. தலைவர் யார்?

முத்துவேல்: நான்தான்.

பாக்கியம்: செயலாளர்?

முத்துவேல்: தற்சமயம் அதுவும் நானே.

பாக்கியம்: உறுப்பினர்கள்?

முத்துவேல்: அதற்காகத்தானே உங்களைப் பார்க்க வந்தேன்.

பாக்கியம்: உட்கார். நீ குனியும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி என் நெற்றியில் இடிக்கிறது.

முத்துவேல்: செவ்வாய்க்கிழமை ராத்திரி மூன்று கிணற்று மோட்டார்களின் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் ஒருவர் கூடப் பார்க்கவில்லை. வெட்கக்கேடு! உலகம் எங்கேயோ போய்விட்டது அக்கா. அமெரிக்காவில் ஷெரீஃப்கள் என்கிற காவல் அதிகாரிகளின் தேசியச் சங்கம் 1972இலேயே இதற்கென்று ஒரு திட்டம் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1982இல் முதன்முதலாக எங்கே ஆரம்பித்தார்கள் தெரியுமா? லண்டனில் இல்லை. செஷயரில் மொலிங்டன் என்று ஒரு கிராமம்.

பாக்கியம்: கிராமத்திலா? பரவாயில்லையே. அங்கேயும் தலைவரும் செயலாளரும் ஒருவர்தானா?

முத்துவேல்: (காதில் விழாததுபோல்) அதனால் நான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கேளுங்கள். "புதன். இரவு 8.05. மேற்குத் தெரு, மூன்றாம் வீடு. விளக்கு எரிந்தது. 8.40. அதே வீட்டில் உரத்த பேச்சு. கணவன், மனைவி. பொருள்: மாமியார். 9.15. அமைதி. 9.30. சிரிப்புச் சத்தம்."

பாக்கியம்: இதில் திருடன் எந்த இடத்தில் வருகிறான்?

முத்துவேல்: வந்திருக்கலாம் அல்லவா?

பாக்கியம்: வந்திருந்தால் அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள்?

முத்துவேல்: (பக்கத்தைப் புரட்டி) இதைக் கேளுங்கள். "இரவு 11.20. பாக்கியம் அக்கா வீடு, கொல்லைப்புறம். பேச்சுக்குரல். பத்து நிமிடம் நீடித்தது. எதிரில் ஆள் தென்படவில்லை. சந்தேகத்துக்குரியது."

(கயிறு திரிக்கும் கை நிற்கிறது. இருபது வருடப் பழக்கத்தில் முத்துவேல் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

பாக்கியம்: நான் பசுவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

முத்துவேல்: எதைப் பற்றி?

பாக்கியம்: அது எனக்கும் அதற்கும் உள்ள விஷயம்.

முத்துவேல்: பாதுகாப்பு என்று வந்துவிட்டால் அக்கா...

பாக்கியம்: அடுத்த பக்கம் என்ன?

முத்துவேல்: "பூட்டிய வீடுகள்." இதுதான் முக்கியமான பக்கம். யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எப்போது திரும்புவார்கள், சாவி எங்கே இருக்கிறது என்று எல்லாம் விசாரித்து எழுதியிருக்கிறேன். வடக்குத் தெருக் கடைசி வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில். இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஒரு பிரதியைப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டப் போகிறேன். அப்போதுதானே எல்லோரும் அந்த வீடுகளின்மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள்?

பாக்கியம்: எல்லோருமா?

முத்துவேல்: எல்லோரும்!

பாக்கியம்: பஸ்ஸில் வந்து இறங்குகிற திருடனும் வைத்திருப்பான். பாவம், இதுவரை வீடு வீடாகக் கதவைத் தட்டி, "தண்ணீர் கிடைக்குமா" என்று கேட்டு அலைந்துகொண்டிருந்தான். இனி நிறுத்தத்தில் நின்றபடியே குறித்துக்கொள்ளலாம். பூந்தொட்டி எந்தப் பக்கம் என்றும் எழுதிவிடு, இருட்டில் தடவப் போகிறான்.

முத்துவேல்: (எச்சில் விழுங்கி) இடது பக்கம் என்று எழுதியிருக்கிறேன்.

பாக்கியம்: ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொன்னால் போதும். அதுவும் அவர்களுக்கு இஷ்டம் இருந்தால். நீ கேட்டுக்கேட்டு எழுதி ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறாயே, அதற்குப் பெயர் காவலா? அந்த நோட்டு தொலைந்தால் மூன்று கேபிள் போனது பெரிய விஷயமே இல்லை.

முத்துவேல்: அப்படியானால் கேமராதான் வழி. என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்தால் பதினொரு வீடு தெரிகிறது. உங்கள் கொல்லையும் சேர்த்து.

பாக்கியம்: என் கொல்லையில்தான் நான் குளிக்கிறேன்.

முத்துவேல்: நான் அந்த நேரத்தில் பார்க்க மாட்டேன் அக்கா!

பாக்கியம்: நீ பார்க்க மாட்டாய். கேமரா கண்ணை மூடுமா?

(முத்துவேலிடம் பதில் இல்லை. இருந்தாலும் அதைச் சொல்லக்கூடிய இடம் இதுவல்ல.)

பாக்கியம்: என் பேத்தி சட்டம் படிக்கிறாள் அல்லவா, அவள் ஒரு வழக்கு சொன்னாள். செக் நாட்டில் ஒருவர் வீட்டு ஜன்னலைக் கவண் கல்லால் உடைத்துவிட்டார்கள். அவர் வைத்திருந்த கேமராவில் இரண்டு பேர் வசமாகச் சிக்கிக்கொண்டார்கள்.

முத்துவேல்: பார்த்தீர்களா!

பாக்கியம்: முழுதாகக் கேள். அந்தக் கேமரா தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துப் படம்பிடித்தது. சிக்கியவர்களில் ஒருவனே, "இப்படிப் படம்பிடிக்க இவருக்கு அனுமதி உண்டா?" என்று கேட்டான். கல்லடி பட்டவர்மீதே விதிமீறல் என்றார்கள் அதிகாரிகள். கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை போனது. 2014இல் அது என்ன சொன்னதாம் தெரியுமா? உன் வீட்டைக் காக்க உனக்கு நியாயமான காரணம் இருக்கலாம், ஆனால் கேமரா பொதுத் தெருவைப் பார்க்கத் தொடங்கிய பிறகு அது வெறும் வீட்டு விஷயம் இல்லை, தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது என்று.

முத்துவேல்: உடைத்தவன் கேள்வி கேட்கிறான், உடைபட்டவர் பதில் சொல்கிறார். நல்ல நியாயம்! அப்படியென்றால் கேமராவே கூடாதா?

பாக்கியம்: யார் கூடாது என்றது? தொட்டிமேல் வைக்காதே. ஊருக்குள் வருவதற்கு இரண்டே பாதைகள். அந்தப் பாதைகளைப் பார்த்து வை, அதையும் ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டு வை. ஓரத்தில் ஏதாவது வீடு தெரிந்தால் படத்தில் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கிற வசதி கேமராவிலேயே உண்டாம். பழைய பதிவு சில நாளில் தானாக அழிய வேண்டும். எடுத்துப் பார்ப்பதென்றால் இரண்டு பேர் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். அப்புறம், "இங்கே கேமரா இருக்கிறது" என்று பெரிதாக ஒரு பலகை.

முத்துவேல்: பலகையா? அதைப் படித்துவிட்டுத் திருடன் உஷாராகித் திரும்பிப் போய்விடுவானே!

பாக்கியம்: போனால்?

முத்துவேல்: பிடிக்க முடியாதே!

பாக்கியம்: (நிதானமாக) தம்பி, உனக்குத் திருட்டு நடக்காமல் இருக்க வேண்டுமா, திருடனைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமா?

(இந்தக் கேள்விக்கு முத்துவேல் எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் அதிகம்.)

முத்துவேல்: சரி, அதை விடுங்கள். நம் ஊரில் மறைக்க என்ன இருக்கிறது அக்கா? யார் வீட்டில் சண்டை, யார் கடன் வாங்கினார் என்று எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்ததைத்தானே எழுதுகிறேன்?

பாக்கியம்: தெரியும்தான். நாற்பது வருடமாக இதே வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாததா? ஆனால் மேற்குத் தெருப் பெண் மறுநாள் காலையில் குடத்தோடு எதிரே வந்தாள். "தண்ணீர் வருகிறதா?" என்று கேட்டேன், "வருகிறது" என்றாள். அவ்வளவுதான். இங்கே வீடுகளுக்கு நடுவில் பெரிய மதில் ஒன்றும் கிடையாது. தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறோமே, அதுதான் மதில். நீ அதில் நேரம் போட்டு, பொருள்: மாமியார் என்று துளை போட்டு வைத்திருக்கிறாய்.

முத்துவேல்: (மெல்ல) அந்த வரியை வேண்டுமானால் அடித்துவிடுகிறேன்.

பாக்கியம்: அடித்தாலும் படிக்க முடியும். கிழி.

(முத்துவேல் கிழிக்கிறார். ஒரு பக்கம். பிறகு மனமில்லாமல் பூட்டிய வீடுகள் பக்கத்தையும்.)

பாக்கியம்: இன்னும் என்ன இருக்கிறது?

முத்துவேல்: "சந்தேக நபர்கள்." இதையாவது விட்டுவையுங்கள். ஒன்று, சைக்கிளில் பாய் விற்றவர். இரண்டு, புதிய தபால்காரர். மூன்று, தலைக்கவசம் அணிந்த ஆள், வியாழன் மாலை. ஊரை இரண்டு முறை சுற்றினான், உங்கள் தெருமுனையில் நின்று தயங்கினான், திரும்பிப் போய்விட்டான். இவன்தான் திருடன். எழுதித் தருகிறேன்.

பாக்கியம்: அது உன் மருமகன்.

முத்துவேல்: என்ன?

பாக்கியம்: உன் பெண்ணோடு ஏதோ மனவருத்தம். உன் வீட்டுக்கு வரவும் பயம், போகவும் மனமில்லை. இங்கே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முத்துவேல்: (நோட்டைப் பார்த்து) நல்லவேளை, இன்னும் வாட்ஸ்அப்பில் போடவில்லை.

பாக்கியம்: போட்டிருந்தால்? 2018இல் என்ன நடந்தது என்று மறந்துவிட்டாயா? பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் அனுப்பி, இந்தியாவில் எத்தனை இடங்களில் வழிப்போக்கர்களை அடித்தே கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப்பிலேயே கட்டு வைத்தார்கள். நம் ஊரில் அந்த ஐந்து பேருக்குத் தெரிந்தாலே போதும், உன் மருமகன் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் கம்பு வந்துவிடும்.

(இங்கே சிரிக்க ஒன்றும் இல்லை. இருவரும் சற்று நேரம் கயிற்றையே பார்க்கிறார்கள்.)

முத்துவேல்: பிறகு நான் எதைத்தான் எழுதுவது?

பாக்கியம்: வண்டியை எழுது. என்ன வண்டி, என்ன நிறம், எண் என்ன, எந்தப் பக்கம் போனது, மணி என்ன. ஆள் எந்தச் சாதி, எந்த ஊர், முகம் எப்படி என்ற ஆராய்ச்சி வேண்டாம். கேபிள் திருடுகிறவன் செம்புக்காக மேலுறையை எரிப்பான். கரும்புகையும் ரப்பர் கருகும் நாற்றமும் எந்தக் காட்டுப் பக்கமிருந்து வந்தது என்று எழுது. அதை யாரும் உன்னிடம் மறைக்க மாட்டார்கள். ஆமாம், உன் மோட்டாரின் வரிசை எண் என்ன?

முத்துவேல்: வரிசை எண்ணா?

பாக்கியம்: மேற்குத் தெரு எத்தனை மணிக்குச் சிரித்தது என்று தெரிகிறது. உன் மோட்டார் போனால் "இது என்னுடையது" என்று சொல்ல உன்னிடம் ஒரு எண் இல்லை.

முத்துவேல்: (புதிய பக்கத்தில் அவசரமாக எழுதியபடி) மோட்டார்... எண்... வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சரி அக்கா, எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. ராத்திரி ரோந்து போகிறபோது திருடன் எதிரே வந்தால் நானே பாய்ந்து பிடிப்பேன். அதற்கு மட்டும் தடை சொல்லாதீர்கள்.

பாக்கியம்: பாய்வாயா?

முத்துவேல்: பாய்வேன்.

பாக்கியம்: செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். கிணற்றுப் பக்கம் நாய் குரைத்தது. உன் வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னல் திறந்தது. ஜன்னல் மூடியது. விளக்கு அணைந்தது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

(நீண்ட மௌனம். விசில் தானாகவே ஒருமுறை மெல்ல ஊதுகிறது. முத்துவேல் அதைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.)

முத்துவேல்: நாலு பேர் இருந்தார்கள் அக்கா. கையில் அரிவாள்.

பாக்கியம்: தாழ்ப்பாள் போட்டது சரிதான் தம்பி. போய்ப் பாய்ந்திருந்தால் இன்று நாங்கள் நோட்டு போட்டு உன்னைப் பற்றி எழுதிக்கொண்டிருப்போம். உள்ளே இருந்தபடி காவல் நிலையத்துக்கு ஒரு போன் செய்யாததுதான் தப்பு. நானும்தான் செய்யவில்லை. எண் நினைவில் இல்லை, கண்ணாடியும் கிடைக்கவில்லை.

முத்துவேல்: குழுவின் முதல் தீர்மானம் அதுவாகவே இருக்கட்டும். எண்ணை எல்லா வீட்டுக் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டிவிடுவோம். பெரிய எழுத்தில்.

பாக்கியம்: இப்போது என்னை உறுப்பினராக எழுதிக்கொள்.

(எழுதிக்கொள்கிறார். கிழித்த பக்கங்களை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துத் திருப்புகிறார். பாக்கியம் அவற்றை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போகிறார். முத்துவேல் பின்னாலேயே போகிறார். பசு காகிதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, மேற்குத் தெருவிலிருந்து ஆரம்பிக்கிறது.)

முத்துவேல்: அக்கா... அந்தத் தாழ்ப்பாள் விஷயம். யாரிடமாவது சொன்னீர்களா?

பாக்கியம்: ஒருத்தியிடம் மட்டும்.

முத்துவேல்: ஐயோ, யாரிடம்? என்றைக்கு?

பாக்கியம்: புதன்கிழமை. நேரத்தை நீயே குறித்து வைத்திருந்தாயே.

(முத்துவேல் பசுவைப் பார்க்கிறார். பசு, வாய் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தோடு அவரையே பார்க்கிறது.)

முத்துவேல்: (குரலைத் தாழ்த்தி) அவள் என்ன சொன்னாள்?

பாக்கியம்: அசைபோட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.