மடக்குக் கத்திக்குப் பெல்ட் கிரைண்டர் கட்டாயமா? ஒரு திருத்தம்

பெல்ட் கிரைண்டர் (ஓடும் உப்புத்தாள் பட்டையால் இரும்பைத் தேய்க்கும் இயந்திரம்) இல்லாமல் வீட்டில் மடக்குக் கத்தி செய்யவே முடியாது என்றும், அதற்குப் பணம் இல்லாதவர்கள் ஆங்கிள் கிரைண்டரால் (சுழலும் வட்டு பொருத்திய கைக் கருவி) தேய்த்துக்கொள்ளலாம் என்றும் மேலே நண்பர் எழுதியிருப்பது புதியவர்களைத் தேவையற்ற செலவில் தள்ளிவிடும்.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காந்தம் ஒட்டாத அளவுக்குப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால், அது சாதாரண அரத்துக்கே வழிவிடும் அளவுக்கு மென்மையாகிவிடும். பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்தும் இறுக்குப் பிடி), முரட்டு அரம், மென்மையான அரம், உப்புத்தாள் ஆகியவை இருந்தால் அலகின் (வெட்டும் தகட்டின்) விளிம்பை நோக்கிய சரிவை முழுவதும் கையாலேயே தேய்த்து எடுக்கலாம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த நம் சேலத்தில் நல்ல சிறு அரங்களுக்கும் பஞ்சமில்லை.

கையில் இருக்கும் பணத்தைத் துளைக்கே செலவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மடக்குக் கத்தியின் உயிர் அச்சாணித் துளையில் இருக்கிறது. அது சற்றே சாய்ந்தாலும் அலகு கைப்பிடியின் நடுவில் மடங்காமல் ஒரு பக்கம் உரசும். ஆகவே கை டிரில்லை நம்பாமல் சிறிய பெஞ்ச் டிரில் ஒன்றையும், 5 மி.மீ. ரீமர் (துளையைத் துல்லியமான அளவுக்குச் சீவிப் பெரிதாக்கும் கருவி) ஒன்றையும் வாங்கி, அலகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்தும் முன்பே 4.8 மி.மீ. துளையிட்டு, ரீமரால் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

கடினப்படுத்திய அலகை ஆங்கிள் கிரைண்டரில் தேய்ப்பது தவறு. முனை நீலநிறமானால் வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டது என்று பொருள். அந்த இடம் கடினத்தன்மையை இழந்து, கூர்மை விரைவில் மழுங்கிவிடும்.

304 ரக ஸ்டெயின்லெஸ் தகடும் அலகுக்கு உதவாது; அதில் கரிமம் 0.08 சதவீதத்தைத் தாண்டாததால், எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது கடினமாகாது.