நிறையும் இல்லை, குறையும் இல்லை

"ஃபோட்டானுக்கு நிறையே கிடையாது. அதற்காக அதில் ஒரு குறை சொல்ல முடியுமா?"

போன வாரம் நண்பர்கள் மத்தியில் இதைச் சொன்னேன். ஒருவர் "ஐயோ, கடிக்காதே" என்று காதைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் மட்டும் "அதெப்படி ஒரு பொருளுக்கு நிறையே இல்லாமல் இருக்கும்?" என்று கேட்டார். அப்புறம் கால் மணி நேரம் பேச்சு அதிலேயே போனது. ஒளித்துகளுக்கு ஓய்வு நிறை பூஜ்ஜியம். அதனால்தான் வெற்றிடத்தில் அது எப்போதும் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் வேகத்தில் போகிறது, நின்று இளைப்பாற அதற்கு வழியே இல்லை என்றெல்லாம் பேசினோம்.

இந்த மாதிரிக் கேள்வி வரும் என்றுதான் கணக்கு, இயற்பியல் கடி ஜோக்குகளை நான் விடாமல் சொல்கிறேன். மொக்கை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உண்மையாகவே சண்டை உண்டு. சிலேடை பிடிபட வேண்டுமென்றால் அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் மனதில் நிற்க வேண்டும். தலையில் அடித்துக்கொள்பவருக்கும் பாடம் புரிந்திருக்கிறது. புரியாதவர் சும்மா இருந்துவிடுவார்.

பள்ளியில் என் இயற்பியல் ஆசிரியர் சொன்னது: "தடை நீங்க ஓம் என்பார்கள். நம் பாடத்தில் தடையை அளப்பதே ஓமில்தான்." ஜார்ஜ் ஓம் தன் விதியை வெளியிட்ட ஆண்டு 1827 என்பதைப் பிறகு புத்தகத்தில் படித்தேன். ஆனால் மின்தடையின் அலகு எது என்று அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் யோசித்ததே இல்லை. இதில் விஞ்ஞானிகளும் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், தடையின் தலைகீழ் அளவுக்கு ஓமின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்து 'மோ' என்று பெயர் வைக்கலாம் என 1883இல் சொன்னார். குறியீடாகவும் ஒமேகாவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டார்கள். இப்போது அந்த அலகு சீமென்ஸ் ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

1948 ஏப்ரல் 1 தேதியிட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையும் உண்டு. பேரண்டத்தின் தொடக்கத்தில் தனிமங்கள் உருவான விதம் பற்றியது. எழுதியவர்கள் ரால்ஃப் ஆல்ஃபர், ஜார்ஜ் காமாவ். பெயர்கள் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்க வேண்டும் என்பதற்காக, அந்த ஆய்வில் பங்கே இல்லாத ஹான்ஸ் பெத்தேயின் பெயரை நடுவில் சேர்த்தார் காமாவ். இந்த ஒரு சிலேடை மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஆல்ஃபர் அப்போது மாணவர். இரண்டு பெரிய பெயர்களுக்கு இடையில் தன் உழைப்பு மறைந்துவிடும் என்று அவர் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது.

இன்னொரு வகையும் பிடிக்காது. "எல்லாமே சார்புதான் என்று ஐன்ஸ்டீனே சொல்லிவிட்டார்" என்று தொடங்கும் ஜோக்குகள். 1905இல் அவர் எடுத்துக்கொண்ட அடிப்படையே, பார்ப்பவர் எந்த வேகத்தில் போனாலும் ஒளியின் வேகம் மாறாது என்பது. பாடத்தைத் தப்பாகச் சொல்லிச் சிரிக்க வைப்பதில் என்ன பெருமை?

சரி, தமிழுக்கு வருகிறேன். ஆங்கில ஜோக்கை அப்படியே மொழிபெயர்ப்பதை நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏழைக் கண்டு ஆறு ஏன் பயந்தது, ஏழு ஒன்பதைத் தின்றுவிட்டதால் என்ற ஜோக், ஆங்கிலத்தில் 'எட்டு' என்பதும் 'தின்றது' என்பதும் ஒரே மாதிரி ஒலிப்பதால் ஓடுகிறது. தமிழில் அதற்கு உயிரில்லை. நம்மிடமோ ஆறு ஓடுகிறது, ஆறிப்போகிறது, ஏழு 'ஐ' சேர்ந்தால் ஏழை ஆகிறது. கலைச்சொற்கள் பலவும் வீட்டில் புழங்கும் சொற்கள் என்பதால் சிலேடை தானாக வந்து விழும்.

"டாக்டர், எனக்கு இரண்டு மூலம் இருக்கிறதாம்."
"பயப்படாதீர்கள், தன்மைகாட்டி குறை எண். இரண்டும் கற்பனைதான்."

இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. தன்மைகாட்டி, அதாவது b² − 4ac, பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் மெய் மூலங்கள் இல்லை. முழுப் பாடமும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது.

"வட்டத்துக்குள் ஒரு கோடு மட்டும் ஏன் வெட்கப்படுகிறது? அது நாண்." இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. முக்கோணவியலின் சைன் அளவை ஆரியபட்டர் பாதி நாண் என்ற பொருளில்தான் சொன்னார். வடமொழியில் வில்லின் நாணுக்கு ஜ்யா, ஜீவா என்று பெயர். அரபியில் அது ஜீபா ஆனது. அந்த எழுத்தில் குறில் உயிர்களை எழுதும் வழக்கம் இல்லாததால், ஆடையின் மடிப்பைக் குறிக்கும் ஜைப் என்று பின்னால் வந்தவர்கள் படித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனபோது மடிப்பு என்ற பொருளிலேயே சைனஸ் ஆகிவிட்டது. நாண் இப்படித்தான் சைன் ஆனது.

எண்ணை வைத்துச் சிலேடை செய்வது நமக்குப் புதிதும் இல்லை. காளமேகப் புலவரின் ஒரு வெண்பாவில் முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா என்று பின்னங்கள் வரிசையாக இறங்கும். முக்கால் என்பது கைத்தடி என்ற மூன்றாம் கால். முன்னரை என்பது முன்வந்த நரை. 'இருமாமுன்' என்றால் இருமல் வருவதற்கு முன். பத்தில் ஒரு பங்கான இருமாவை இருமலாக்கியவரை மொக்கை என்று யார் சொல்வது?

காதைப் பொத்திக்கொண்ட நண்பர் நேற்று இரவு அனுப்பிய செய்தி இது: "எலக்ட்ரான் ஏன் அலைகிறது? துகளாக மட்டும் இருக்க முடியாததால்."

பதிலுக்கு, டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தின் மீது எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, அவை அலைபோலச் சிதறுவதை 1927இல் காட்டிய கதையை எழுதி அனுப்பினேன். இன்று காலை அவரிடமிருந்து இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன.