37 மீட்டர் வெறும் பாறைக்கு இவ்வளவு பெரிய தலைப்பா?

தங்கம் தேடும் ஒரு சின்ன நிறுவனம் மறுபடியும் அதே வேலையைக் காட்டியிருக்கிறது. திங்கள் காலை பங்குச் சந்தை திறக்கும் முன்பே டிரேடிங் ஹால்ட், அதாவது அதன் பங்கை வாங்கவும் விற்கவும் தற்காலிகத் தடை. துளையிடல் முடிவும் மூலதனத் திரட்டலும் பற்றி அறிவிப்பு வருமென்று ஒரு பக்கக் கடிதம். இந்த இரண்டும் ஒரே வரியில் வந்தாலே வயிறு எரிகிறது. ஆஸ்திரேலியச் சந்தையில் ஹால்ட் அதிகபட்சம் இரண்டு வர்த்தக நாள். அதற்குள் புரோக்கர் வசதியானவர்களுக்குப் போன் போட்டு மொத்தப் பணத்தையும் திரட்டிவிடுவார். புதன் காலை கதவு திறக்கும்போது சின்ன முதலீட்டாளருக்கு மிஞ்சுவது தலைப்பு மட்டும்தான்.

அந்தத் தலைப்பைப் பாருங்கள். "38 மீட்டர், டன்னுக்கு 2.1 கிராம் தங்கம்." கொட்டை எழுத்தில்! திறந்தவெளிச் சுரங்கத்துக்கு 2 கிராம் என்பது நல்ல தரம், அதனால் பார்த்தவுடன் கை வாங்கப் போகும். கீழே பொடி எழுத்தில் "இதில் 1 மீட்டர், 71 கிராம்".

அடப்பாவிகளா, பெருக்கத் தெரியாதவர்கள் என்றா நினைத்தீர்கள்? 38-ஐ 2.1-ஆல் பெருக்கினால் 79.8. அந்த ஒற்றை மீட்டரே 71-ஐ எடுத்துக்கொண்டது. மிச்சம் 8.8. அதை 37 மீட்டருக்குப் பிரித்தால் டன்னுக்கு 0.24 கிராம்கூடத் தேறவில்லை. தோண்டி லாரியில் ஏற்றி அரைக்கிற செலவுக்குக் காணாது. ஒரு கரண்டி எண்ணெயைக் கல்யாண வீட்டுத் தோசைக்கல் முழுக்கத் தேய்த்ததுபோல ஒரு மீட்டர் தங்கத்தை 38 மீட்டருக்கும் தேய்த்திருக்கிறார்கள்.

சரி, அந்த 71 கிராமையாவது நம்பலாமா? ஆய்வகத்தில் பாறையை மாவாக அரைத்து, அதில் 50 கிராமை எடுத்து உலையில் உருக்குகிறார்கள். டன்னுக்கு 71 கிராம் என்றால் அந்த 50 கிராம் மாவில் இருந்தது மூன்றரை மில்லிகிராம் தங்கம். ஒரு ரவை அளவு! தங்கம் அரைத்தால் தட்டையாக நசுங்குமே தவிர மாவாகாது. அந்த ஒரு துணுக்கு ஸ்பூனில் விழுந்தால் 71. விழாவிட்டால் அதே பையிலிருந்து 5 வரும், 3 வரும். கரடுமுரடான தங்கம் உள்ள இடத்தில் இது புவியியல் படித்த எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் சலித்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது, அரைக் கிலோ மாதிரியை அப்படியே அளக்கும் போட்டான் அஸே இருக்கிறது. மறுசோதனை முடிவு வரும்வரை பொறுக்க முடியாதா? முடியாது. பிளேஸ்மென்ட் (தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் புதுப் பங்கு விற்பது) காத்திருக்கிறதே!

அகலத்திலும் இதே கதைதான். 38 மீட்டர் என்பது துளை போன வழியின் நீளம். தங்க நரம்பு சாய்ந்திருக்கும் பக்கமே துளையும் இறங்கியிருந்தால் 1 மீட்டர் உண்மையில் 30 சென்டிமீட்டராக இருக்கலாம். "உண்மை அகலம் தெரியாது" என்று ஜோர்க் விதிப்படி, அதாவது சுரங்க நிறுவனங்கள் முடிவுகளை எப்படி அறிவிக்க வேண்டும் என்ற ஆஸ்திரேலிய விதிப்படி, எழுதத்தான் வேண்டும். எழுதியும் இருக்கிறார்கள், அறிவிப்பின் கடைசியில் டேபிள் 1 என்ற நீண்ட பின்னிணைப்புக்குள் புதைத்து. 1969-இல் 80 சென்டுக்குக் கிடந்த பொசைடன் என்ற ஆஸ்திரேலிய நிக்கல் நிறுவனத்தின் பங்கு, 1970 பிப்ரவரியில் 280 டாலருக்குப் போய்ச் சரிந்தது. அந்த அடிக்குப் பிறகு 1971-இல் அமைந்த குழுதான் பிற்பாடு இந்த விதிகளை எழுதியது. எத்தனை குடும்பங்களின் சேமிப்பு கரைந்து வந்த விதி! அதை யாரும் புரட்டாத பக்கத்தில் வைக்கிறீர்களே!

இப்போது பிளேஸ்மென்ட். சந்தை விலைக்கு 20 சதவீதம் கீழே. இரண்டு பங்கு வாங்கினால் ஒரு ஆப்ஷன் (பின்னாளில் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) இலவசம். பங்குதாரர்களைக் கேட்காமலே 12 மாதத்தில் 15 சதவீதம் புதுப் பங்கு வெளியிடச் சந்தையின் விதி 7.1 இடம் கொடுக்கிறது. சின்ன நிறுவனம் ஆண்டுக் கூட்டத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தால் 7.1ஏ-இல் இன்னும் 10 சதவீதம். இதில் யார் சேரலாம்? 25 லட்சம் டாலர் சொத்தோ, கடைசி இரண்டு வருடமும் 2.5 லட்சம் டாலர் வருமானமோ இருப்பதாகக் கணக்காளர் சான்று தர வேண்டும். அவர்கள் பங்கை முதல் நாளே விற்றுவிட்டு இலவச ஆப்ஷனை மட்டும் வைத்துக்கொள்வார்கள். நல்ல செய்தி வந்தும் பங்கு ஏன் விழுகிறது என்று கேட்கிறவர்களே, விற்பது அவர்கள்தான்!

இது வரப்போவது முன்பே தெரிந்திருக்கும். நிறுவனம் தன் பண வரவு செலவைக் காட்டக் காலாண்டுக்கு ஒருமுறை தரும் 5பி படிவத்தில் 8.7-ஆம் வரியைப் பாருங்கள்: கையிருப்பு இன்னும் எத்தனை காலாண்டுக்கு வரும் என்று இருக்கும். 2-க்குக் கீழே இறங்கிவிட்டால் தலைப்பும் பிளேஸ்மென்டும் கைகோத்துக்கொண்டு வருகின்றன என்று அர்த்தம். 6.1-இல் இயக்குநர்கள் முதலானோருக்குப் போன தொகை இருக்கும். அதைத் துளையிடலுக்குப் போன தொகையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ரத்தம் கொதிக்கும்.

இத்தனைக்கும் மேல், துளை விவர அட்டவணையை எழுத்தாகப் போடாமல் மங்கலான படமாக ஒட்டியிருக்கிறார்கள், அதுவும் பக்கவாட்டில். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, 3-ஆ 8-ஆ என்று பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகக் கையால் தட்ட வேண்டியிருக்கிறது. அட்டவணையை நேராக வைக்கக்கூடவா ஆள் இல்லை?