சோற்றின் எடைக்கு அரிசியின் கலோரிக் கணக்கு பொருந்தாது
100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 360 கலோரி இருப்பதால் 100 கிராம் சோற்றிலும் அதே அளவு இருக்கும் என்று பரவும் தகவல் தவறானது. வேகும்போது அரிசி உறிஞ்சும் நீர் எடையைக் கூட்டுகிறதே தவிர ஆற்றலைக் கூட்டுவதில்லை. ஆகவே 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரியே இருக்கும். எந்த வீட்டுச் சமையலுக்கும் சரியான வழி, பொருள்களைச் சமைக்கும் முன்பே எடைபோட்டு, அவற்றின் மொத்தக் கலோரியைச் சமைத்து முடித்த உணவின் எடையால் (பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு) வகுத்து, தட்டில் இட்டுக்கொண்ட கிராம் அளவால் பெருக்குவதாகும். எண்ணெயைக் கண்ணளவில் மதிப்பிடவே கூடாது. கிராமுக்கு 9 கலோரி வீதம், சுமார் 14 கிராம் கொள்ளும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 125 கலோரியைச் சேர்த்துவிடும்.